வளைந்த வால், ஆறு விரல், நிற்காத கண்ணீர்: தெருவிலிருந்து வந்த பூனையிடம் எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி இதுதான். குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடத்தில் சுற்றிக்கொண்டிருந்த, ஒரு வயது மதிக்கத்தக்க பெட்டைப் பூனை ஒன்றை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதன் வால் நுனி கொக்கி போல மடங்கியிருக்கிறது. முன்கால்களில் ஆறு விரல். அடிவயிற்றில் தோல் தொங்குகிறது. இடது கண்ணில் எப்போதும் நீர். தூங்கும்போது மூக்கில் கர்ர் என்று சத்தம். தயிர்சாதமும் மீனும் கொடுக்கிறீர்கள். இதில் எது பிறவியிலேயே வந்தது, எது நோய் என்று கேட்கிறீர்கள்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பல வருடங்களாகத் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து, அடிபட்டதை வீட்டில் வைத்துத் தேற்றி, வளர்க்க ஆள் பார்த்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். நான் கவனித்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பூனை எடுத்தவர்கள் வளைந்த வாலைக் காட்ட டாக்டரிடம் ஓடுகிறார்கள். அதே பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தால், "புது இடம், பழகிக்கொள்ளும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. அதனால் உருவம் விசித்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

வாலில் தொடங்குவோம். ஆசியத் தெருப்பூனைகளிடம் மடங்கிய வாலும் குட்டை வாலும் மிகச் சாதாரணம். மலாய்த் தீவுகள், சயாம், பர்மா பக்கத்துப் பூனைகளுக்கு வால் பாதியாக இருப்பதையும் நுனியில் முடிச்சு இருப்பதையும் டார்வின் 1868-லேயே எழுதியிருக்கிறார். ஆசியப் பூனைகளின் குட்டை வாலுக்கும் ஹெஸ்7 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதை 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிறவியிலேயே வந்த வளைவு வலிக்காது. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, நிமிர்த்திப் பார்க்கவும் கூடாது. ஆனால் தெருவில் வளர்ந்த பூனைக்குக் கதவில் சிக்கியோ வண்டி ஏறியோ, யாராவது பிடித்து இழுத்தோ வால் உடைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. உங்கள் பூனை வாலை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறதா, கோபம் வந்தால் ஆட்டுகிறதா, சிறுநீரும் மலமும் தட்டில்தான் போகிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் கவலை இல்லை. வால் உயிரில்லாமல் தொங்கினாலோ, படுத்த இடத்தில் சிறுநீர் சொட்டினாலோ, வாலின் அடியில் உள்ள நரம்பு அடிபட்டிருக்கலாம். அப்போது எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். வாலே இல்லாத மேங்க்ஸ் வகைப் பூனைகளிடம் முதுகுத்தண்டுக் குறைகள் வருவதுண்டு. உங்களுடைய பூனையின் கொக்கி வாலுக்கு அந்தக் கதை பொருந்தாது.

ஆறு விரலுக்கு இன்னும் குறைவாகவே பயப்படலாம். பூனைக்கு முன்கால்களில் ஐந்தைந்தும் பின்கால்களில் நான்கு நான்குமாக 18 விரல்கள்தான் வழக்கம். ஒரு மரபணு மாற்றத்தால் கூடுதல் விரல் வருகிறது; பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரலாம். அமெரிக்காவின் கீ வெஸ்ட் ஊரில் எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் இப்படிப்பட்ட பூனைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது நகத்தை மட்டும்தான். கூடுதல் விரல் தரையில் படாது, எங்கும் உரசாது. அதனால் அதன் நகம் வளைந்து வளர்ந்து அடிப்பாதத்துக்குள்ளேயே குத்திவிடும். மாதம் ஒரு முறை அந்த விரலைப் பிரித்துப் பார்த்து நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் ரத்தக்குழாய் ஓடுகிறது, அதைத் தொட வேண்டாம்.

தொங்கும் வயிறு. பின்கால்களுக்கு முன்னால் மடிப்பாகத் தொங்கி, நடக்கும்போது இப்படியும் அப்படியும் ஆடுகிற தோல் எல்லாப் பூனைக்கும் கொஞ்சம் உண்டு. சண்டையில் வயிற்றைக் காக்கவும், காலை நீட்டி ஓடவும் அது உதவுகிறது என்பார்கள். கையில் எடுத்தால் வெறும் தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் இருக்கும். பெட்டைப் பூனை என்பதால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கர்ப்பம். நான்கைந்து மாதத்திலேயே பூனை பருவத்துக்கு வந்துவிடும், சுமார் 63 முதல் 65 நாளில் குட்டி போடும். முலைக்காம்புகள் சிவந்து பெரிதாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பயப்பட வேண்டிய வயிறு வேறு மாதிரி இருக்கும். முதுகெலும்பு துருத்தி உடம்பு இளைத்திருக்கும்போது வயிறு மட்டும் நீர் நிரம்பியது போல உப்பிக்கொண்டே போகும், மருந்துக்கு அடங்காத காய்ச்சலும் இருக்கும். குட்டிகளிடமும் இளம் பூனைகளிடமும் இது எஃப்ஐபி என்னும் நோயாக இருக்கலாம். பூனைகளின் குடலில் இருக்கும் சாதாரணமான ஒரு கொரோனா வைரஸ் உடம்புக்குள்ளேயே உருமாறி இதை உண்டாக்குகிறது. முன்பெல்லாம் இது வந்தால் பூனை பிழைக்காது. ஜிஎஸ்-441524 என்ற மருந்தை வைத்து 2019-ல் வெளியான சோதனை முடிவுகளுக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. சுமார் 12 வாரச் சிகிச்சையில் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. ஆகவே "எஃப்ஐபி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

இப்போது கண்ணும் மூக்கும். உங்கள் பட்டியலில் நான் உண்மையிலேயே கவனம் செலுத்தச் சொல்வது இதைத்தான். ஒற்றைக் கண்ணில் நிற்காத நீரும் தூக்கத்தில் மூக்குச் சத்தமும் சேர்ந்து இருந்தால், அது குட்டியாக இருந்தபோது பூனைச்சளி வந்து போயிருக்கிறது என்றே நினைக்கத் தோன்றும். தெருவில் பிறந்த குட்டிகளில் ஏராளமானவை ஹெர்பிஸ் வைரஸிலும் கலிசி வைரஸிலும் அடிபட்டுத்தான் வளர்கின்றன. ஹெர்பிஸ் ஒரு முறை வந்தால் நரம்புக்குள் தங்கிவிடும்; பூனைக்கு மனஉளைச்சல் வரும்போதெல்லாம் தலைதூக்கும். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, வீட்டில் விசேஷம் என்று பத்துப் பேர் கூடுவது என எதுவும் போதும். மனிதர்களுக்கு அது ஒட்டாது. கண்ணீர்க் குழாய் தழும்பேறி அடைத்துப்போயிருந்தால், நோய் போன பிறகும் நீர் மட்டும் வாழ்நாள் முழுக்க வழிந்துகொண்டிருக்கும். மூக்கினுள் இருக்கும் மெல்லிய எலும்புகள் அரிக்கப்பட்டிருந்தால் சத்தமும் அப்படியே தங்கிவிடும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே சதை வளர்ந்தும் இளம் பூனைகளிடம் இந்தச் சத்தம் வரும். அதை எடுத்துவிடலாம் என்பதால் டாக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

தெளிந்த நீர் வந்து, கண் நன்றாகத் திறந்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் தினமும் துடைத்துவிட்டால் போதும். நீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், பூனை கண்ணை இடுக்கிக்கொண்டால், கருவிழி மேல் வெள்ளைப் புகை படர்ந்தது போலத் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைப் போட்டால் கண்ணே போய்விடும். மருந்துக்கடையில் "கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து" என்று கேட்டு வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம். டாக்டர் பச்சைச் சாயம் விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார். அப்புறம், கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு ஏறி வந்து பாதிக் கண்ணை மறைப்பதைப் பார்த்தால், அது பூனைக்கு இயல்பாகவே இருக்கும் மூன்றாம் இமை. தூக்கக் கலக்கத்தில் தெரிந்தால் பரவாயில்லை. விழித்திருக்கும்போதும் இரண்டு கண்ணிலும் தெரிந்தால் குடற்புழு, நீரிழப்பு, காய்ச்சல் என்று உள்ளே ஏதோ இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பூனைக்கு வரும் உடல் குறைகளில் பலவும் தட்டிலிருந்துதான் வருகின்றன. தயிர்சாதம் விஷமில்லை. ஆனால் அதை முக்கிய உணவாக வைத்தால் பூனை மெதுவாகக் கெடும். பூனை கட்டாயம் மாமிசம் உண்டாக வேண்டிய பிராணி. டாரின் என்ற ஒரு சத்தை மனித உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும், பூனையின் உடம்பால் போதுமான அளவு முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அதற்குக் கிடைக்க வேண்டும். டாரின் இல்லாமல் பூனையின் விழித்திரை அழிவதை 1975-ல் கண்டுபிடித்தார்கள். இதயத் தசை தளர்ந்து வீங்குவதற்கும் அதுவே காரணம் என்று 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். இதயக் கோளாறு ஆரம்பத்திலேயே தெரியவந்தால் டாரின் கொடுத்துத் தேற்றலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. பால்சோற்றில் வளர்ந்த பூனை இருட்டில் சுவரில் முட்டிக்கொண்டால் "வயசாகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். அது வயசு இல்லாமலும் இருக்கலாம்.

சரி, அப்படியென்றால் மீன் மட்டும் போதுமா? போதாது. பல மீன்களின் பச்சைச் சதையிலும் குடலிலும் பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. பச்சை மீனே தினமும் தின்னும் பூனை ஒருநாள் கழுத்தை மார்போடு கவிழ்த்துக்கொண்டு தள்ளாடும், வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். எண்ணெய் மிகுந்த மீனை மட்டுமே கொடுத்துவந்தால், வைட்டமின் ஈ குறைந்து உடலின் கொழுப்பு அழற்சியுற்று, தொட்டாலே வலிக்கும் நிலை வரும். கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஈரலைத் தினமும் கொடுப்பதும் தவறு. மாதக்கணக்கில் போனால் ஏ வைட்டமின் அளவுக்கு மீறிக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். எலும்பில்லாத கோழிச்சதை மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. கட்டிலிலிருந்து குதித்தாலே கால் உடையும், முதுகு வளையும். கால் வளைந்த குட்டியைப் பார்த்துப் பிறவி ஊனம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அது என்ன சாப்பிட்டு வளர்ந்தது என்று கேளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: பூனைக்கென்றே தயாரித்த, முழு உணவு என்று உறையில் அச்சிட்ட தீவனம் பெரும்பங்கு இருக்கட்டும். அதோடு வேகவைத்த மீனோ கோழியோ முள்ளும் உப்பும் மசாலாவும் இல்லாமல் கொஞ்சம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும், குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும். உணவை மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு மெதுவாக மாற்றுங்கள். சோற்றுக்கே பழகியது முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

தெருப்பூனை எடுத்த மற்றவர்கள் அடிக்கடி கேட்கும் வேறு சில விசித்திரங்களையும் சொல்லிவிடுகிறேன். குடித்தவர் போலத் தள்ளாடி நடக்கிற, தலை நடுங்குகிற குட்டி: தாய் கர்ப்பமாக இருந்தபோது பான்லூக்கோபீனியா என்ற பூனைகளுக்கு வரும் வைரஸ் தாக்கி, குட்டியின் சிறுமூளை சரியாக வளராமல் போயிருக்கும். இது வலிக்காது, நாளாக நாளாக மோசமாகாது, தொற்றாது. மாடியிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டால், வழுக்காத தரையும் உயரம் குறைந்த மணல்தட்டும் கொடுத்தால் முழு ஆயுள் வாழும். இந்தக் குட்டிகளைக் கருணைக்கொலை செய்யச் சொல்லும் ஆட்களைப் பார்க்கும்போது எனக்குத் தாங்காது. நன்றாக நடந்துகொண்டிருந்த பூனை திடீரென்று தள்ளாடினால் அது முற்றிலும் வேறு விஷயம், உடனே போக வேண்டும்.

இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் 65 முதல் 85 சதவீதத்துக்குக் காது கேட்காது, ஒரு கண் மட்டும் நீலமென்றால் சுமார் 40 சதவீதத்துக்கு. காது கேட்காத பூனையைத் தெருவில் விடவே கூடாது, வண்டிச் சத்தம் அதற்குக் கேட்காது. வெள்ளைப் பூனைகளின் காது நுனியும் மூக்கும் நம் ஊர் வெயிலில் வெந்து, வருடங்கள் போனபின் புற்றாகவும் மாறும். காது ஓரத்தில் ஆறாத பொருக்கு இருந்தால் காட்டிவிடுங்கள். ஆரஞ்சு நிறப் பூனையின் மூக்கிலும் உதட்டிலும் வரும் கறுப்புப் புள்ளிகள் வெறும் மச்சங்கள். மூன்று நிறப் பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான், ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால். கடுவனின் கன்னம் உப்பி, கழுத்துத் தோல் தடித்திருப்பது ஆண் ஹார்மோனின் வேலை. நாற்றம் பிடித்த இடத்தில் வாயைப் பாதி திறந்து முழிப்பது மூச்சுத்திணறல் இல்லை, மணத்தை வாயின் மேலண்ணத்துக்கு இழுத்து முகர்கிறது. பெட்டைப் பூனை தரையில் உருண்டு, பின்பகுதியைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் கத்தினால் வயிற்றுவலி என்று நினைத்துப் பலர் அழைக்கிறார்கள். அது பருவத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தோலில் வருவது தனிக்கதை. காது ஓரம், நெற்றி, முகம் எல்லாம் சாம்பல் பூத்த பொருக்காகி, பூனை கிழடு தட்டியது போல ஆகிவிட்டால் அது பெரும்பாலும் பூனைச்சொறி. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை உண்ணியால் வருகிறது. பார்க்க பயங்கரமாக இருந்தாலும் சரியான மருந்து போட்டால் சில வாரங்களில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். காதுக்குள் காபித்தூள் போல அழுக்கு இருந்தால் காது உண்ணி. வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது வீட்டில் எல்லோருக்கும் ஒட்டும்.

இங்கேதான் நம் கைவைத்தியம் பூனையைக் கொல்கிறது. பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கி விழுங்கிவிடும், அதன் கல்லீரலுக்குப் பல பொருட்களை முறிக்கத் தெரியாது. வேப்பெண்ணெய், கற்பூரம் கலந்த தைலம், டீ ட்ரீ எண்ணெய் எதையும் தடவாதீர்கள். நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து செத்துவிடும். தரை துடைக்கும் பினாயில் பாதத்தில் பட்டு, அதை நக்கினாலும் நஞ்சு. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். குழந்தைகளுக்கான சிரப்பும் அதே மருந்துதான். "கொஞ்சமாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது" என்பது இதில் கிடையாது.

காத்திருக்கக் கூடாத சில விஷயங்கள் இருக்கின்றன. பூனை ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டரை அழையுங்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே, முக்கியமாகக் குண்டான பூனைக்கு, உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைத்து உயிரையே எடுக்கும். கடுவன் மணல்தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்து சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை என்றால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் கிளம்ப வேண்டும். நாய் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படியே. அசந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பழகுங்கள். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். வண்டியில் அடிபட்ட பூனைக்கு உதரவிதானம் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கிழிந்து, குடல் மார்புக்குள் ஏறி, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்துவிடலாம். இந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிக் காகிதம் போல இருந்தால் தெள்ளுப்பூச்சியோ புழுவோ ரத்த ஒட்டுண்ணியோ ரத்தத்தைத் தின்றிருக்கும்.

முதல் முறை டாக்டரிடம் போகும்போது எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), எஃப்இஎல்வி (பூனை ரத்தப்புற்று வைரஸ்) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். முன்னது ஆழமான கடியால் பரவுவது, பின்னது எச்சிலாலும் நக்கிக்கொள்வதாலும் தாயிடமிருந்தும் வருவது. எஃப்ஐவி இருக்கும் பூனை வீட்டுக்குள்ளேயே இருந்தால் பல வருடம் நன்றாக வாழும், மனிதருக்கு ஒட்டாது. எஃப்இஎல்வி கொஞ்சம் கடினமானது. வீட்டில் வேறு பூனை இருந்தால் முடிவு வரும்வரை தனியறையில் வையுங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பூனைகளையும் பார்க்கிறார்கள்.

வெறிநோய் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் கடித்தாலோ ரத்தம் வரும்படி பிராண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையை விரட்டத் தேவையில்லை. மணல்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியே வந்து தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும்.

உங்கள் பெட்டைக்குக் கண்ணும் மூக்கும் தேறியதும் கருத்தடைக்கு நாள் வாங்கிவிடுங்கள். சளி இருக்கும்போது மயக்க மருந்து கொடுக்க டாக்டர்கள் யோசிப்பார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே வாலுக்கு ஓர் எக்ஸ்ரே, தொண்டைக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை, பல் ஈறு, அந்த ஆறாவது விரலின் நகம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடச் சொல்லுங்கள். இன்னொரு முறை மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்காது.